மாத்திரையா, நடையா, பேச்சா? டர்பனிலிருந்து ஒரு கேள்வி

மன்னார்குடிப் பெண் (வியாழன், இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓவர்போர்ட் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி வேலை. மகன் நாலாம் வகுப்பு.

போன அக்டோபரில் ஊரில் அம்மா தவறிவிட்டார்கள். ஜோகன்னஸ்பர்க், துபாய், சென்னை என்று மாறி மாறி ஏறி மன்னார்குடி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. அடுப்பில் சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை வந்த பிறகுதான் தெரிகிறது. தோழிகள் போன் அடித்தால் மணி ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. இது துக்கம்தானா, வேறு ஏதாவதா என்று எனக்கே புரியவில்லை.

டாக்டர் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளை நிரப்பச் சொன்னார். 27க்கு 17 வந்தது, எண் கூடினால் நோய் அதிகம் என்று அர்த்தம். ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து பதினோரு நாள் ஆகிறது. மேசை இழுப்பறையில் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

சென்னையில் இருக்கிற தம்பி ஒரு செய்தியை அனுப்பினான். மாத்திரையைவிட, கவுன்சலிங்கைவிட, உடற்பயிற்சி ஒன்றரை மடங்கு பலன் தருகிறது என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாம். "மாத்திரையைத் தூக்கிப் போடு, தினமும் நட" என்கிறான். வீட்டுக்காரர் மாத்திரை போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மா யாரிடமாவது மனசுவிட்டுப் பேசச் சொல்கிறார். எதைச் செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டக்காரன் (வியாழன், இரவு 11.58)

அக்கா, உங்கள் தம்பி சொல்வது சரி. நான் பைன்டவுனில் இருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் குடும்ப வாழ்க்கை உடைந்தபோது நானும் இப்படித்தான் கிடந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தியது ஓட்டம். முதலில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவேன், அப்புறம் நடப்பேன். ஒரு வருடத்தில் ஃபீல்ட்ஸ் ஹில்லை நிற்காமல் ஏறினேன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே நடக்கிற காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை இதுவரை இரண்டு தடவை முடித்துவிட்டேன். மாத்திரை ஒரு ஊன்றுகோல்தான். பழகிவிட்டால் விட முடியாது. நாளைக்கே காலணியை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். சனிக்கிழமை காலை நார்த் பீச்சில் பார்க்ரன் நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தும் போகலாம். காம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ்தான் 2011இல் அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

இரவுப்பணி (வெள்ளி, காலை 5.20)

இப்போதுதான் பணி முடிந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தூங்கப் போகும் முன் இதை எழுதிவிட வேண்டும்.

அம்மா, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் உங்களிடம் மூன்று கேள்வி. செத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றோ, உங்களை நீங்களே முடித்துக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா? இதற்கு முன் எப்போதாவது இதற்கு நேர்மாறாக, தூக்கமே தேவைப்படாமல், நாள்கணக்கில் பேச்சும் செலவும் வேகமும் கட்டுக்கடங்காமல் போன காலம் உண்டா? பகலில் வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு ஆம் என்றால் விவாதத்துக்கெல்லாம் நேரமில்லை. இன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டு டாக்டரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள். எந்த நேரமானாலும் சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் இலவச எண் 0800 567 567க்குப் பேசலாம். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால், மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனம் மறுபக்கம் புரண்டுவிடக்கூடும்.

ஓட்டக்காரத் தம்பி, நீங்கள் மீண்டு வந்தது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் முகம் தெரியாத ஒருவரிடம் மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்லாதீர்கள். எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்குவதே பெரிய மலை. அவர்களிடம் போய் ஓடு என்றால், ஓட முடியாததும் தங்கள் குற்றம்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குற்ற உணர்வும் இந்த நோயின் ஒரு அடையாளம்.

அப்புறம், இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரை போலவோ சாராயம் போலவோ அடிமையாக்குவதில்லை. மேலும் மேலும் வேண்டும் என்ற வெறி வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், சிலருக்கு நிறைய நாள் நீடிக்கும். அதனால்தான் மெதுவாகக் குறைக்கச் சொல்கிறோம்.

கணக்குப்பிள்ளை (வெள்ளி, காலை 9.15)

மருத்துவப் புள்ளியியல் படிக்கிறேன், ஜோகன்னஸ்பர்கில். அந்த "ஒன்றரை மடங்கு" செய்தியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எத்தனை பேர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினார்களோ என்று எனக்குக் கவலை.

அது 2023இல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. பல சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் 97ஐ எடுத்துச் சேர்த்தார்கள். உள்ளே 1,039 சோதனைகள், 1,28,119 பேர். கேட்பதற்கு மலைபோல இருக்கும். ஆனால் அதில் உடற்பயிற்சிக்காரர்களையும் மாத்திரைக்காரர்களையும் ஒரே களத்தில் நேருக்கு நேர் நிறுத்தி ஒன்றரை மடங்கு என்று கண்டுபிடிக்கவில்லை. உடற்பயிற்சிச் சோதனைகளில் வந்த எண்ணையும், வேறெங்கோ நடந்த மருந்துச் சோதனைகளில் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஓட்டக்கார அண்ணாவுக்குத் தெரியும், காம்ரேட்ஸ் ஒரு வருடம் டர்பனிலிருந்து மேலே ஏறும், ஒரு வருடம் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து கீழே இறங்கும். ஏறியவர் நேரத்தையும் இறங்கியவர் நேரத்தையும் வைத்து யார் நல்ல ஓட்டக்காரர் என்று சொல்ல முடியுமா? மருந்துச் சோதனை ஏற்ற வருடம் மாதிரி. மருந்து சாப்பிடுகிறவருக்கு எதிரே, அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு மாத்திரை சாப்பிடுகிறவர் இருப்பார். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மாவு மாத்திரைக்காரருக்கும் நம்பிக்கையாலும் கவனிப்பாலும் ஓரளவு குணம் வந்துவிடும். மருந்து அதையும் தாண்டிக் காட்ட வேண்டும். உடற்பயிற்சியில் பொய் ஓட்டம் என்று ஒன்றைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. அதனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவர்களோடு, இல்லை காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களோடு ஒப்பிடுகிறார்கள். இறக்கத்தில் ஓடினால் நேரம் நன்றாகத்தானே தெரியும்.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் என்பவரின் குழு 2007இல் வெளியிட்டதில் 202 பேர், நான்கு மாதம். மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 45 பேர், வீட்டில் செய்தவர்களில் 40 பேர், செர்ட்ராலின் மாத்திரையில் 47 பேர், மாவு மாத்திரையில் 31 பேர் நோய் நீங்கிய நிலைக்கு வந்தார்கள். முதல் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசி எண்ணையும் மறக்கக் கூடாது. ஒன்றுமில்லாத மாத்திரையிலேயே 31 பேர்.

இவர்களே 1999இல் 50 வயது தாண்டிய 156 பேரிடம் செய்த சோதனையிலும் நான்கு மாத முடிவில் பயிற்சியும் மாத்திரையும் சமம். ஆனால் மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. சோதனை தொடங்கிய பத்தாவது மாதத்தில் பார்த்தபோது, பயிற்சியால் குணமானவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு.

மிட்ராண்ட் தந்தை (வெள்ளி, மதியம் 1.05)

பேச்சு சிகிச்சை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எனக்கு அது பிரயோஜனப்படவில்லை. ஒரு சந்திப்புக்கு ஆயிரம் ரேண்டுக்கு மேல் கொடுத்து ஏழு தடவை போனேன். நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார், நேரம் முடிந்தது என்பார். என் அப்பா என்னை ஏன் அடித்தார் என்று தமிழில் எனக்குச் சொல்லத் தெரியும். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது வேறு யாருடைய கதையோ மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைதான் என்னை வேலைக்குத் திரும்பப் போக வைத்தது. முதல் இரண்டு வாரம் குமட்டல், ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் காரில் பாட்டு போட வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரவுப்பணி (வெள்ளி, மாலை 4.30)

மிட்ராண்ட் அண்ணா, நீங்கள் பட்டது நியாயமான கசப்பு. தலையாட்டுவது மட்டுமே சிகிச்சை இல்லை. மனச்சோர்வுக்குச் சோதித்துப் பார்த்த முறைகள் வேறு மாதிரி இருக்கும். ஆரன் பெக் 1960களில் வகுத்த சிந்தனை-நடத்தை சிகிச்சையில் வீட்டுப்பாடம் உண்டு. இந்த வாரம் எந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து பதினாறு சந்திப்பு. ஐந்தாறு சந்திப்பில் ஒன்றும் அசையவில்லை என்றால் அதை அவரிடமே கேட்கலாம், ஆளையும் மாற்றலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றுகிறோம் இல்லையா, அதே மாதிரிதான்.

செயல் தூண்டல் என்று இன்னும் எளிய முறை ஒன்று இருக்கிறது. மனம் சரியானால் செய்வேன் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த வேலைகளை மிகச் சின்னத் துண்டுகளாக்கி நாட்குறிப்பில் நேரம் போட்டுச் செய்வது. இங்கிலாந்தில் 440 பேரிடம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பேச்சு சிகிச்சைக்கென்று தொழில்முறைப் படிப்பில்லாத இளநிலைப் பணியாளர்கள் இதைக் கொடுத்தும், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த சிந்தனை-நடத்தை சிகிச்சைக்குக் குறையவில்லை. யோசித்துப் பாருங்கள், தினமும் பத்து நிமிடம் நடப்பது இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நடையும் பேச்சும் எதிரெதிர்க் கட்சிகள் இல்லை.

பணத்தைப் பற்றி: மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. சட்டப்படி எல்லாத் திட்டங்களும் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் தீவிர மனச்சோர்வு இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது வெளிநோயாளியாக 15 சந்திப்பு வரை பேச்சு சிகிச்சை. கேட்டு, படிவம் நிரப்பி வாங்க வேண்டும், தானாக வராது. மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் ஃப்ளூஆக்ஸெடின் கிடைக்கும். சைக்காலஜிஸ்டைப் பார்க்கத்தான் வரிசை நீளம்.

மன்னார்குடிப் பெண் (வெள்ளி, இரவு 10.10)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மகன் தூங்கியதும் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

இரவுப்பணி அக்கா, உங்கள் முதல் கேள்விக்கு: முடித்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஆனால் காலையில் எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சில நாள் தோன்றும். இன்று மாலை அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு டாக்டரிடம் என்னோடு வருவதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு இல்லை. பகலில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

நடக்கிற விஷயம். ஓட்டக்காரத் தம்பி, நான் நாளைக்கே போகத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜூன் மாதம் டர்பனில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. விடிய ஆறரை தாண்டுகிறது. பையனைப் பள்ளியில் விட்டு, சமைத்து, கூட்டிவந்து முடித்தால் வெளிச்சம் போய்விடும். எங்கள் தெருவில் பெண்கள் தனியாக நடப்பதில்லை. போன மாதம் பட்டப்பகலில் ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துவிட்டார்கள். உங்களுக்குக் காலணி மட்டும் போதும். எனக்கு அது போதவில்லை.

பள்ளி ஐயா (சனி, காலை 8.40)

மகளே, நான் இந்த மண்ணில் பிறந்த நான்காம் தலைமுறை. கோயில் பள்ளியில் தமிழ் கற்று, பிறகு பல ஆண்டுகள் சனிக்கிழமைகளில் கற்பித்தவன். வயது 74.

என் தாயார் டர்பனின் கேட்டோ மேனரில் வாழைத் தோட்டமும் கறிவேப்பிலையுமாக இருந்த வீட்டில் எங்களை வளர்த்தார். குழுப் பகுதிச் சட்டம் என்று 1950இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, யார் எங்கே வாழலாம் என்று நிறத்தை வைத்துப் பிரித்தார்கள். 1960களில் எங்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். புது வீட்டில் தாயார் சன்னல் ஓரம் உட்கார்ந்தார். சமைப்பார், துவைப்பார், மற்ற நேரமெல்லாம் சன்னல். நான்கு ஆண்டுகள் சிரித்து நான் பார்க்கவில்லை. எங்களுக்கு அதற்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. "அம்மாவுக்கு ரொம்ப யோசனை" என்று மட்டும் சொல்லிக்கொள்வோம். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆடியில் கூழ் ஊற்றினோம். அந்த ஒரு நாள் மட்டும், ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடிக் கூழ் கிண்டும்போது, அவர் முகத்தில் வெளிச்சம் வரும். அது ஏன் என்று இப்போது புரிகிறது. அன்று அவர் தனியாக இல்லை, அவர் கை அங்கே தேவைப்பட்டது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபின் என் மனைவிக்கும் அதே சன்னல் நிலை வந்தது. இம்முறை நான் தாமதிக்கவில்லை. டாக்டர் மாத்திரை தந்தார். சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் பேசினாள். எங்களுக்கு வீட்டுமொழி ஆங்கிலம்தான் என்பதால் பேச்சில் தடை இல்லை. மிட்ராண்ட் தம்பியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நீங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள், உங்கள் துக்கம் தமிழில் இருக்கிறது. இப்போது காணொலி வழியாகத் தமிழ்நாட்டிலிருக்கும் சிகிச்சையாளரிடமே பேசுகிறவர்கள் உண்டு. மெடிக்கல் எய்ட் அதற்குப் பணம் தருமா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து நாட்டுச் செய்தி ஒன்று. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், மருத்துவர் போதாத ஊரில் பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, கிளினிக் வாசலில் மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர் தன் கஷ்டங்களைச் சொல்ல வேண்டும், அதில் ஒன்றை எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து வழி தேட வேண்டும். ஹராரேயில் 573 பேரிடம் முறையாகச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. அங்கே ஷோனா மொழியில் இந்த நோயைக் "குஃபுங்கிசிசா" என்கிறார்கள். அதிகமாக யோசிப்பது என்று பொருள். எங்கள் வீட்டில் தாயாருக்குச் சொன்ன அதே சொல்.

மருந்துக்கடை (சனி, காலை 11.25)

லெனேசியாவில் பார்மசிஸ்ட். சுருக்கமாகச் சொல்கிறேன், அந்த அட்டை இன்னும் மேசை இழுப்பறையில் இருப்பதால்.

தொடங்குவதென்று முடிவானால் காலையில் சாப்பிடுங்கள், இரவில் எடுத்தால் தூக்கம் கெடலாம். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுதாக ஆறு வாரம் கூட ஆகலாம். முதல் வாரங்களில் மனக்கலக்கம் கூடினாலோ வேண்டாத எண்ணம் வலுத்தாலோ டாக்டரைக் கூப்பிட வேண்டும். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். தாம்பத்திய ஆசை குறைவது பலருக்கு வரும், வெட்கப்பட்டுச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் வழி உண்டு.

தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் அடிக்கடி போட்டால் இதோடு சேர்ந்து வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால் வலி மாத்திரையும், மூலிகை என்று கடையில் விற்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் இதோடு சேரக் கூடாது. குணமானதும் நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகு இன்னும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். டாக்டரின் மருந்துச் சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் விடுமுறையில் டாக்டர் இல்லாமல் தவித்து வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை (சனி, பிற்பகல் 2.50)

மன்னார்குடி அக்கா தெருவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒரு டச்சு ஆய்வு ஞாபகம் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் 141 பேருக்கு, மாத்திரையா ஓட்டமா என்று பெரும்பாலும் அவர்களையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். 96 பேர் ஓட்டத்துக்குப் போனார்கள், 45 பேர் மாத்திரைக்கு. 16 வாரம். 2023இல் வெளிவந்தது. நோய் நீங்கியது இரண்டு பக்கமும் நூற்றுக்கு 43, 45 என்று சமம்தான். எடை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் ஓடியவர்களுக்கு நன்றாயிருந்தது. ஆனால் சொன்னபடி கடைசிவரை கடைப்பிடித்தவர்கள்? மாத்திரையில் நூற்றுக்கு 82, ஓட்டத்தில் 52. பெரும்பாலும் விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களே, பயிற்சியாளர் கூட இருந்தும், பாதிப் பேர்தான் நின்றார்கள்.

2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வில் 218 ஆய்வுகள், 14,170 பேர். நடை, மெது ஓட்டம், யோகா, எடை தூக்குவது எல்லாமே பலன் தந்தன. வேகம் கூடக் கூடப் பலனும் கூடியது. ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் தரம் குறைவு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மருந்துக்கு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள், எல்லாமே மாவு மாத்திரையைவிட மேல், ஆனால் வித்தியாசம் சராசரியாகப் பார்த்தால் மிதமானது. மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் இரண்டில் ஒன்றைத் தனியாகச் செய்வதைவிட மேல் என்பதும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

சராசரியில் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, எது சிறந்தது என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். இந்த ஆளால், இந்த வீட்டில், இந்த மாதத்தில் எதைத் தொடங்கி விடாமல் செய்ய முடியும் என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் ஒரு எல்லை உண்டு. தற்கொலை எண்ணம் உள்ளவர்களையும் மிகக் கடுமையாக நோயுற்றவர்களையும் உடற்பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் அவர்களுக்கு ஓட்டம் மட்டும் போதும் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

ஓட்டக்காரன் (ஞாயிறு, காலை 6.05)

இரண்டு நாளாக எழுதவில்லை. நேற்று ஓடும்போது முழுக்க இந்த இழைதான் மனதில் இருந்தது.

அக்கா, நான் உங்களிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. நான் முதல் விளக்குக் கம்பம் வரை ஓடிய அந்த நாளில், சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் காலணி வாசலிலேயே கிடந்தது. மொத்தம் பதினான்கு மாதம் சாப்பிட்டேன், டாக்டர் சொல்லித்தான் குறைத்து நிறுத்தினேன். இத்தனை வருடம் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஓடி மீண்டேன் என்று சொன்னால் ஆம்பிளை மாதிரி இருக்கும், மாத்திரையில் மீண்டேன் என்றால் அப்படி இருக்காது என்று நினைத்தேன். எங்கள் கிளப்பில் யாருக்கும் இது தெரியாது.

இன்னொன்றும் சொல்லவில்லை. நான் தனியாக எழுந்து ஓடவில்லை. கிளப்பில் ஒரு ஜூலுக்காரப் பெரியவர், காலை ஐந்து மணிக்கு என் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். மணி அடிக்க மாட்டார், கூப்பிட மாட்டார், நிற்பார். அவர் குளிரில் நிற்கிறாரே என்றுதான் வெளியே போவேன். ஐந்து மாதம் அவர் தவறவில்லை. என் காலணி மட்டும் போதவில்லை அக்கா. நீங்கள் சொன்னதும்தான் அவர் ஞாபகம் வந்தது. நேற்று போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாத்திரையைத் தொடாதீர்கள் என்ற தொனியில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

பள்ளி ஐயா (ஞாயிறு, காலை 9.30)

தம்பி, இதை எழுதியதற்கு உங்களை வணங்குகிறேன்.

மன்னார்குடி மகளே, என் மனைவி வாரம் மூன்று நாள் கடற்கரை நடைபாதையில் நடக்கிறாள். அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி, பள்ளி விடும் முன் முடித்துவிடுவார்கள். நல்ல வெளிச்சம், ஆள் நடமாட்டம், காவலர்களும் உண்டு. அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் "வா, உட்கார், சாப்பிட்டாயா" தெரியும். இங்கே நிர்வாகி வழியாக என் மனைவியின் எண்ணை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் நடக்க முடியவில்லை என்றால் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். பிளாஸ்கில் தேநீர் இருக்கும்.

மன்னார்குடிப் பெண் (திங்கள், மாலை 6.20)

டாக்டரிடம் இருவரும் போனோம். இந்த முறை அரை மணி நேரம் பேசினார். தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் இரத்தம் எடுத்தார்கள், அதனாலும் இப்படி வரலாமாம். நாளைக் காலை முதல் மாத்திரை. பதினைந்து சந்திப்புக்கு மெடிக்கல் எய்ட்டில் வீட்டுக்காரர் மனு போட்டுவிட்டார். பெண் சைக்காலஜிஸ்ட் கிடைத்தால் நல்லது என்று கேட்டிருக்கிறோம். பள்ளி ஐயா, உங்கள் வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள், புதன்கிழமை வருகிறேன்.

மன்னார்குடிப் பெண் (ஏழு வாரம் கழித்து, இரவு 9.15)

இழையை மேலே கொண்டுவருகிறேன், யாராவது தேடினால் கிடைக்கட்டும்.

முதல் பத்து நாள் குமட்டல் அதிகம். இரண்டாவது வாரம் விட்டுவிடலாம் என்று இருந்தேன், மருந்துக்கடை அண்ணன் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுத் தொடர்ந்தேன். அந்த ஒன்பது கேள்வித் தாளில் போன வாரம் 9 வந்தது. மூன்று மணி விழிப்பு இன்னும் வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. சைக்காலஜிஸ்ட் தமிழ் தெரியாதவர்தான். அம்மாவிடம் சொல்ல நினைத்ததைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வரச் சொன்னார், அவர் முன்னால் தமிழிலேயே படிக்கச் சொன்னார், அதன் பிறகுதான் அர்த்தம் கேட்டார். அன்று ரொம்ப அழுதேன். அதுவரை நான் ஊரில்கூட அழவில்லை.

புதன்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தேன், வெள்ளிக்கிழமையும் பெஞ்ச்தான். மூன்றாவது வாரத்தில் எழுந்து நடந்தேன். இப்போது கடற்கரைத் தென்கோடியில் இருக்கிற யூஷாக்கா கடல் பூங்கா வரை போய்த் திரும்புகிறோம். போன ஞாயிறு கோயிலில் கூழ் ஊற்றினார்கள், நானும் கிண்டினேன். நேற்று வத்தக்குழம்பு வைத்தேன், பையன் இரண்டாவது தடவை கேட்டான்.

புது உறுப்பினர் (அதே இரவு, 11.50)

இந்த இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். என் மனைவி ஐந்து மாதமாக இதே நிலையில் இருக்கிறாள். டாக்டரிடம் வர மறுக்கிறாள். நான் என்ன செய்வது?

மன்னார்குடிப் பெண் (நள்ளிரவு 12.04)

தம்பி, நான் விழித்துத்தான் இருக்கிறேன். எந்த ஊரில் இருக்கிறீர்கள்? பகலில் அவரோடு யார் இருக்கிறார்கள்? காலையில் எழுந்திருக்க வேண்டாம் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?